டிவி நம்மளுது, சாவி யாருது?

உங்க வீட்டு ஸ்மார்ட் டிவியில் யாருமே எட்டிப் பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது. செட்டிங்ஸ் போய், 'அபவுட்' அல்லது 'சப்போர்ட்' என்று இருக்கும் இடத்துக்குள் நுழைந்து கடைசி வரை இறங்கினால் 'ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்' என்று ஒரு வரி கிடைக்கும். (கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். ரிமோட்டை வைத்துக்கொண்டு கொஞ்சம் தேடுங்க.) அழுத்தினால் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஆங்கிலம் ஓடும். நடுவே லினக்ஸ், பிஸிபாக்ஸ், ஜிபிஎல் என்கிற பெயர்கள் கண்ணில் படும்.

இந்தப் பதிவு அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். டிவிக்குள் இருக்கும் சாஃப்ட்வேரை நாமே மாற்றுகிற வேலை எங்கே ஆரம்பித்தது, யார் எந்தப் பூட்டைத் திறந்தார்கள், நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், புதுசா இறங்குறவர் எங்கிருந்து தொடங்கலாம் எல்லாம் ஒரே பதிவில். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க :-)

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பொட்டி தட்டுகிறவன். படித்தது இ.சி.இ. செங்கல்பட்டில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒன்று மாமல்லபுரம் கடற்கரை, இல்லையென்றால் எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பது.

பூட்டே இல்லாத காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்து டிவியில் சாஃப்ட்வேர் என்று ஒன்று கிடையாது. திருகு இருந்தது. படம் ஓடினால் பின்னாடி ஒரு திருகு, சுருங்கினால் இன்னொரு திருகு, எதுவும் சரிப்படலைன்னா மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பணும். சாலிடேர், டயனோரா எல்லாம் நம்ம மெட்ராஸ் பிராண்டுகள். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கிற அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். சர்க்யூட் டயகிராம் கையில் இருந்தால் மெக்கானிக்குக்குத் தெரியாத ரகசியம் அந்தப் பெட்டிக்குள் எதுவும் இல்லை.

ரிமோட் டிவி வந்தபோது கதை கொஞ்சம் மாறியது. திருகுகள் போய், அவற்றின் அளவுகள் எட்டு கால் கொண்ட ஒரு சின்ன ஐசிக்குள் எண்களாகப் போய் உட்கார்ந்தன. மெக்கானிக்குகள் அதை 'மெமரி ஐசி' என்பார்கள். அது கெட்டுப்போனால் படம் கோணலாக வரும், சேனல் நினைவில் நிற்காது. நல்ல டிவியின் மெமரி ஐசியைப் படித்து, அதையே புது ஐசியில் எழுதி மாட்டுவார்கள். ரிமோட்டில் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் 'சர்வீஸ் மெனு' திறக்கும், அதிலேயும் சரி பண்ணலாம். கணக்குப் பார்த்தால் நம்ம ஊரில் டிவியின் உள் நினைவகத்தை மாற்றி எழுதிய முதல் ஆட்கள் இவர்கள்தான். இஞ்சினியரிங் டிகிரி, தீசிஸ் எதுவும் கிடையாது. சால்டரிங் அயர்ன் மட்டும்.

2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி, வாங்கும் பொறுப்பு எல்காட்டிடம். 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் வீடுகளுக்குப் போயின. அதுவும் மெமரி ஐசி ரகம்தான். தெருமுனை மெக்கானிக் சரி செய்துவிடக் கூடிய டிவி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஃபர்ம்வேர்னா என்ன?

தமிழில் நிலைபொருள் என்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே நிலையாகக் குடியிருக்கும் சாஃப்ட்வேர். ஸ்மார்ட் டிவி என்பது பெரிய திரை மாட்டிய ஒரு கம்ப்யூட்டர்தான். பவர் போட்டதும் முதலில் ஒரு சின்ன நிரல் எழுந்திருக்கும், அது பூட்லோடர். அது கெர்னலை எழுப்பும். பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் அந்தக் கெர்னல் லினக்ஸ். சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி மூன்றுக்கும் அடித்தளம் லினக்ஸ்தான். கெர்னலுக்கு மேலே கோப்புகள் அடங்கிய பகுதி, அதற்கும் மேலே நாம் ரிமோட்டில் பார்க்கிற மெனுவும் ஆப்களும்.

பூட்லோடர், கெர்னல், கோப்புகள், மெனு. இந்த நாலு அடுக்கும் சேர்ந்த மூட்டைதான் ஃபர்ம்வேர். 'சாஃப்ட்வேர் அப்டேட்' வரும்போது இந்த மூட்டைதான் மாறுகிறது. அதை நாம் மாற்றினால் அதற்குப் பெயர் 'மாட்'. இந்த மூட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய அதிகாரத்துக்குப் பெயர் 'ரூட்'.

கல்வெட்டும் லைசென்ஸும்

லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுத ஆரம்பித்தார், 1992இல் ஜிபிஎல் என்கிற உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமத்தின் பின்னால் இருப்பவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் அவர் வேலை பார்த்த எம்.ஐ.டி ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. பேப்பர் அடிக்கடி சிக்கும். பழைய பிரிண்டரில், சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகிற மாதிரி அவரே நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதில் சோர்ஸ் கோடு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். சாதனம் நம்ம ரூமில், அதைச் சரி செய்கிற உரிமை வேறு எங்கேயோ. அந்தக் கோபம்தான் ஜிபிஎல் வரை போனது.

ஜிபிஎல் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால்: எடுத்துக்கோ, பயன்படுத்து, மாத்து, வித்துக்கூட காசு பாரு. ஆனா யாருக்குக் கொடுக்கிறியோ அவங்களுக்கும் சோர்ஸ் கோடும் இதே உரிமைகளும் கிடைக்கணும். இந்த அறிவிப்பு ஒவ்வொரு கோப்பின் தலையிலும் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாமல்லபுரம் ஞாபகம் வரும். கணேச ரதத்தில் பல்லவர் காலத்து வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதே வாசகம் தர்மராஜ மண்டபத்திலும் அப்படியே வெட்டப்பட்டிருக்கும். கடைசியில் சிவனை நெஞ்சில் வைக்காதவர்களுக்கு ஒரு சாபம். ஜிபிஎல்லிலும் கிட்டத்தட்ட அதே ஃபார்மட்தான் :-) ஒரே வாசகம், கோப்புக்குக் கோப்பு. நிபந்தனையை மீறினால் உன் உரிமை தானாக ரத்து என்கிற சாபமும் உண்டு. அந்தச் சாபம் பலித்த கதைகள்தான் அடுத்து வருகின்றன.

ரவுட்டரில் ஆரம்பித்தது

லிங்க்சிஸ் கம்பெனி 2002 டிசம்பரில் ஒரு நீல நிற வைஃபை ரவுட்டரை விற்க ஆரம்பித்தது. டபிள்யூஆர்டி54ஜி என்று பெயர். 2003இல் அதைக் குடைந்து பார்த்தவர்கள் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். சோர்ஸ் கோடு எங்கே என்று கேட்டார்கள். அதே ஆண்டு லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோவுக்குத் தலைவலி. கடைசியில் கோடை வெளியிட்டார்கள். அதை வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற மாற்று ஃபர்ம்வேர் பிறந்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரவுட்டர்கள் அதில் ஓடுகின்றன.

அதே 2004இல் ஜெர்மனியில் ஹரால்ட் வெல்டே என்கிற லினக்ஸ் நிரலாளர், சோர்ஸ் தராத கம்பெனிகளைத் தேடித் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார். மே மாதம் மியூனிக் நீதிமன்றம் சைட்காம் என்கிற நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. ஜிபிஎல் வெறும் நல்லெண்ணக் கடிதம் இல்லை, அது கோர்ட்டில் நிற்கும் என்று அன்றைக்குத்தான் நிரூபணம் ஆனது.

டிவியின் முறை 2009 டிசம்பரில் வந்தது. பிஸிபாக்ஸ் என்கிற சின்ன மென்பொருள், லினக்ஸ் பெட்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதன் உரிமையை மீறியதாக நியூயார்க்கில் ஒரே வழக்கில் 14 நிறுவனங்கள் மீது கேஸ். பெஸ்ட் பை, சாம்சங், ஜேவிசி எல்லாம் அந்தப் பட்டியலில். அதில் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் என்கிற டிவி கம்பெனி கோர்ட்டுக்குச் சரியாக வரவே இல்லை. 2010இல் நீதிபதி 90,000 டாலர் நஷ்டஈடு விதித்ததோடு, சோர்ஸ் தராமல் செய்த ஹெச்டி டிவிகளை எல்லாம் ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். லைசென்ஸ் பக்கத்தைப் படிக்காததற்கு விலை, குடோன் நிறைய டிவி!

சாமிகோ (நம்ம சாமி இல்லீங்க)

இதே காலத்தில், 2009இல், கோர்ட்டுக்குப் போகாமல் கையால் வேலை பார்த்த ஒரு கூட்டம் கிளம்பியது. சாம்சங் டிவிக்கான 'சாமிகோ' திட்டம். பெயரைப் பார்த்து பழனி, திருத்தணி என்று நினைக்க வேண்டாம், சாம்சங்கைச் சுருக்கியதுதான்.

சாம்சங் அந்த ஆண்டின் டிவிகளுக்கான ஜிபிஎல் சோர்ஸ் கோடை வெளியிட்டிருந்தது. அந்த டிவிகளில் யுஎஸ்பி பென்டிரைவில் இருந்து சின்னச் சின்ன விளையாட்டுகளைப் போட்டு ஆடும் வசதி இருந்தது. சாமிகோ ஆட்கள் விளையாட்டு என்கிற வேஷத்தில் தங்கள் நிரலை உள்ளே அனுப்பினார்கள். அது டெல்நெட் கதவைத் திறந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்து டிவிக்குள் நுழைந்தாயிற்று, அதுவும் ரூட் ஆக!

ஃபர்ம்வேர் கோப்பைக் கம்பெனி எக்ஸ்ஓஆர் என்கிற எளிய முறையில் மறைத்து வைத்திருந்தது. காலேஜ் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்களே, அதேதான். அது சீக்கிரமே உடைந்தது. பிறகென்ன, வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் படங்களை நேரடியாக டிவியில் பார்ப்பது, ஓடும் நிகழ்ச்சியை யுஎஸ்பியில் பதிவு செய்வது என்று, கம்பெனி தராத வசதிகளை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த மாடல்களில் சாம்சங் ஏஇஎஸ் குறியாக்கமும் டிஜிட்டல் கையெழுத்தும் சேர்த்தது. எல்ஜி டிவிகளுக்கும் இதே போல 'ஓப்பன்எல்ஜிடிவி' என்று ஒரு குழு இயங்கியது.

இங்கே நம்ம ஊர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. சாம்சங் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய ஆலை டிவிதான் செய்தது. 1997இல் பிரிக்கும் வரை ஸ்ரீபெரும்புதூரும் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். இங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் வந்துவிடும். டிவியை ஒன்றுசேர்த்த கைகள் பக்கத்து ஊர்க் கைகள். ஆனால் அதற்குள் என்ன ஓடணும் என்று முடிவு செய்கிற இடம் கொரியாவில். இந்தத் தூரம்தான் மொத்தப் பிரச்சினையும்.

பூட்டு எப்படி வந்தது?

சோர்ஸ் கோடு கொடுத்துவிட்டார்கள், சரி. அதை மாற்றி டிவியில் திரும்பப் போட்டால் ஓடுமா?

அமெரிக்காவில் 1999இல் டிவோ என்கிற டிவி ரெக்கார்டர் பெட்டி வந்தது. உள்ளே லினக்ஸ். ஜிபிஎல்படி சோர்ஸும் கொடுத்தார்கள். ஆனால் நாம் மாற்றிய நிரலைப் போட்டால் பெட்டி ஓட மறுத்துவிடும். ஓலையில் ராஜமுத்திரை இருந்தால்தான் கோட்டைக் கதவு திறக்கும் என்பது போல, கம்பெனியின் ரகசியச் சாவியால் போட்ட டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் பூட்லோடர் அடுத்த அடி வைக்கும். சமையல் குறிப்பு கொடுத்தாச்சு, அடுப்படிக்குப் பூட்டு!

ஸ்டால்மன் தரப்பு கொதித்துப்போய், 2007 ஜூனில் வெளியான ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், வீட்டுச் சாதனங்களில் மாற்றிய நிரலை நிறுவத் தேவையான தகவலையும் சேர்த்தே தர வேண்டும் என்று எழுதினார்கள். லினஸ் சம்மதிக்கவில்லை. லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. டிவோ போட்ட வழியில்தான் இன்றைய ஸ்மார்ட் டிவிகள் பெரும்பாலும் போகின்றன. ஆக, உள்ளே போகணும்னா அவர்கள் விட்ட ஓட்டையைத் தேடணும்.

ஓட்டைக்குப் பஞ்சமா? எல்ஜி 2013இல் வெப்ஓஎஸ்ஸை ஹெச்பியிடம் இருந்து வாங்கி, 2014 முதல் டிவிகளில் போட்டது. 2021 மே மாதம் 'ரூட்மைடிவி' என்று ஒன்று வந்தது. டிவியின் பிரவுசரில் ஒரு முகவரியைத் திறந்து, திரையில் ஒரு பொத்தானைத் தள்ளினால் ரூட் கிடைத்தது. ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். பிறகு வந்த அப்டேட்டுகளில் எல்ஜி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஓட்டை கிடைப்பதும் அடைபடுவதும் இந்த உலகத்தில் தினசரி நடப்பு.

அவங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

படத்துக்கான காப்புரிமை, பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை 2017 பிப்ரவரியில் வெளியே வந்தது. அமெரிக்காவின் விசியோ நிறுவனம், 2014 பிப்ரவரியில் இருந்து சுமார் 1.1 கோடி டிவிகளில் மக்கள் திரையில் என்ன பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி சேகரித்து விற்றது. கேபிளோ, டிவிடியோ, எது ஓடினாலும் திரையின் சில புள்ளிகளை எடுத்து ஒப்பிட்டு இன்ன படம் என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் அது. 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

அதே விசியோ மீது 2021 அக்டோபரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்கிற அமைப்பு கலிஃபோர்னியாவில் வழக்கு போட்டது. இதுவரை நிரலை எழுதியவர்கள்தான் வழக்கு போடுவார்கள். இந்த முறை, 'டிவி வாங்கிய வாடிக்கையாளர் நான், சோர்ஸ் கேட்கும் உரிமை எனக்கே உண்டு' என்று வாதம். இந்த வாதத்தை விசாரணைக்கு முன்பே தள்ளுபடி செய்யச் சொன்ன விசியோவின் மனுவை 2023 டிசம்பரில் நீதிபதி ஏற்கவில்லை. வாங்கினவனுக்கும் ஒரு வாய் உண்டு என்று டிவி விஷயத்தில் கோர்ட் காது கொடுத்துக் கேட்ட இடம் இது.

இதெல்லாம் அமெரிக்கக் கதைதானே என்று தோன்றினால், எங்க ஹவுஸ் ஓனர் அம்மா டிவியைப் பார்க்கணும். (பிராண்டு வேண்டாம்.) வாங்கும்போது பவர் போட்டால் நேராக சேனல் வந்தது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு போட்டவுடன் ஏதோ வெப் சீரீஸ் விளம்பரம், அதைத் தாண்டி நாலு தடவை ரிமோட்டை அழுத்தினால்தான் அவங்க சேனல். "தம்பி, நான் எதையும் தொடவே இல்லப்பா, அதுவா மாறிடுச்சு"ன்னாங்க. உண்மைதான், அவங்க தொடவில்லை. தொட்டவர் வேற எங்கேயோ இருக்கார்.

நம்ம அரசு கேபிள் கதை

இன்னும் பெரிய உதாரணம் நம்ம மாநிலத்திலேயே நடந்தது. அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டு, 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் புத்துயிர் பெற்றது. 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்ததும் வீடு வீடாக இலவச செட்டாப் பாக்ஸ் கொடுத்தார்கள். செட்டாப் பாக்ஸும் ஃபர்ம்வேர் ஓடும் கம்ப்யூட்டர்தான். காசு கட்டியவருக்கு மட்டும் படம் திறக்கிற பூட்டு அதற்குள்ளேயே உண்டு. பூட்டை இயக்கும் மென்பொருள் தனியார் நிறுவனத்துடையது.

2022 நவம்பரில் ஒருநாள் லட்சக்கணக்கான வீடுகளில் திரை இருண்டுவிட்டது. கேபிள் அறுந்து போகவில்லை, பெட்டி கெட்டுப் போகவில்லை. மென்பொருள் தந்த தனியார் நிறுவனத்தின் தரப்பில் இருந்து வந்த பிரச்சினை என்று அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ் அறிவித்தார். பெட்டி அரசாங்கம் கொடுத்தது, கம்பம் நம்ம தெருவில், கேபிள்காரர் நமக்குத் தெரிஞ்சவர். ஆனா படத்தைத் திறக்கிற சாவி இவங்க யார்கிட்டயும் இல்லை. ஒரு மாநில அரசுக்கே இந்தக் கதி.

2006இன் இலவச டிவியையும் 2017இன் இலவச பாக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டும் அரசு கொடுத்ததுதான். முன்னதை மெக்கானிக் சரி செய்ய முடிந்தது. பின்னது இருண்டபோது மெக்கானிக்கும் நம்மைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பதினோரு வருஷத்தில் கை மாறியது அந்தச் சாவிதான்.

மெக்கானிக் அண்ணன் செய்வது என்ன?

ஆனா மெக்கானிக்குகள் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அண்ணன் கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாமல்லபுரம் பக்கத்து லாட்ஜ், ஹோட்டல் டிவிகள் நிறைய வரும். உப்புக் காத்து பட்டு போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். (ஹோட்டல் டிவி தனி ரகம். சர்வீஸ் மெனுவுக்குள் 'ஹோட்டல் மோடு' போட்டு சத்தத்துக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ரூமில் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஏறாததன் ரகசியம் இதுதான்.)

போர்டு தேறாது என்றால் அண்ணன் 'யுனிவர்சல் போர்டு' மாட்டுவார். எந்தக் கம்பெனித் திரையையும் ஓட்டும் போர்டு. திரையின் அளவுக்கு ஏற்ற ஃபர்ம்வேர் கோப்பைப் பென்டிரைவில் போட்டுச் செருகினால் அதுவே ஏற்றிக்கொள்ளும். "படம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா போர்டு கெட்டுச்சுன்னு நினைக்காத தம்பி, சாஃப்ட்வேர் தப்பா போட்டிருக்கு" என்பார். கம்பெனி லோகோவிலேயே நின்றுபோகும் டிவியின் ஃபிளாஷ் ஐசியைக் கழற்றி, சில நூறு ரூபாய் புரோகிராமரில் வைத்து வேறு கோப்பை எழுதி உயிர் கொடுப்பதும் நடக்கும். மெமரி ஐசி காலத்து வித்தையின் பேரன் இது. சாமிகோவின் பெயர்கூட அண்ணனுக்குத் தெரியாது. செய்வது அதே வேலை.

சரி, நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் அடி, டிவியைத் திறக்காமலே. ஆண்ட்ராய்டு டிவியில் 'பில்டு நம்பர்' மீது ஏழு தடவை அழுத்தினால் டெவலப்பர் மெனு வரும். ஏடிபி என்கிற கருவி மூலம் கம்ப்யூட்டரில் இருந்து இணைத்து, வேண்டாத ஆப்களை முடக்கலாம். தப்பாகப் போனால் ஃபேக்டரி ரீசெட் இருக்கிறது. ஹவுஸ் ஓனர் அம்மா டிவியில் ஹோம் ஸ்கிரீனை மாற்றியது இப்படித்தான். இப்போ அவங்க சேனல் ஒரே அழுத்தில்.

இரண்டாவது, படிப்பு. கம்பெனிகளின் ஓப்பன் சோர்ஸ் பக்கத்தில் மாடல் எண் போட்டால் கெர்னல் சோர்ஸ் கிடைக்கும். ஃபர்ம்வேர் மூட்டையைப் பிரித்துப் பார்க்க 'பின்வாக்' என்கிற இலவசக் கருவி உண்டு. புது டிவியின் மூட்டை குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், ஒன்றும் தெரியாது. அதனால் பழைய ரவுட்டரில் கை பழகுங்கள். அடுக்கு முறை அதே லினக்ஸ்தான்.

மூன்றாவது, சீரியல் போர்ட். மெயின் போர்டில் யூஏஆர்டி என்று மூன்று நான்கு புள்ளிகள் இருக்கும். அங்கே இணைத்தால் டிவி எழும்போது தனக்குத்தானே பேசுவதைக் கேட்கலாம். பெரும்பாலும் வேகம் 115200, மின்னழுத்தம் 3.3 வோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் கதை முடிந்தது. சில மலிவு புரோகிராமர்கள் 3.3 என்று சொல்லிக்கொண்டு 5 வோல்ட் தள்ளும், மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

நான்காவது, ஐசியில் எதையும் எழுதுவதற்கு முன்னால் இருப்பதைப் படித்துச் சேமியுங்கள். இரண்டு தடவை படித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பேனல் வேறாக இருக்கும், அடுத்தவர் கோப்பு உங்கள் டிவிக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

ஐந்தாவது, பவர் போர்டு பக்கம் கை போகவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டிவி போனால் வேறு டிவி வாங்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு டிவியில் பூட்லோடரைத் திறந்தால் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப்கள் ஹெச்டி தராமல் போகலாம், படக் காப்புரிமைப் பூட்டின் தரம் இறங்கிவிடும். ஊர் பேர் தெரியாத இடத்தில் இருந்து 'ரெடிமேட்' ஃபர்ம்வேர் எடுத்துப் போடாதீர்கள். 2024 செப்டம்பரில் 'வாய்டு' என்கிற வைரஸ் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்களில் புகுந்திருந்தது தெரிய வந்தது. கம்பெனிக்காரன் கையில் இருந்து சாவியை வாங்கித் திருடன் கையில் கொடுத்த கதை ஆகிவிடும்.

சட்டம்? நம்ம காப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்கவும் படிக்கவும் சோதிக்கவும் இடம் தருகிறது. இந்தப் பகுதி 1999 திருத்தத்தில் வந்தது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது. உங்க டிவியை ஆராய்வது வேறு, காசு கட்டாத சேனலைத் திறப்பது வேறு. ரெண்டாவதுக்கு என்கிட்ட வராதீங்க. அமெரிக்காவில் 2015இலேயே ஸ்மார்ட் டிவியில் முறையான ஆப்கள் போடுவதற்காகப் பூட்டைத் திறக்க விலக்கு கொடுத்துவிட்டார்கள். வாரன்டி மட்டும் போகும், அதனால் வாரன்டி முடிந்த டிவியில் கை வையுங்கள்.

எல்லாரும் ஃபிளாஷ் ஐசி கழற்றணும் என்று நான் சொல்லவில்லை. ஆனா எல்லாரும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் சொன்ன அந்த லைசென்ஸ் பக்கத்தில், சோர்ஸ் கோடு கேட்டு எழுத ஒரு முகவரி இருக்கும். பெட்டியோடு சோர்ஸைத் தராத கம்பெனி, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்து உறுதிமொழி தர வேண்டும் என்று ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு சொல்கிறது. மாடல் எண்ணைப் போட்டு ஒரு மெயில் அனுப்புங்க. கோடு புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆயிரம் பேர் கேட்கிற கம்பெனி ஒரு மாதிரி நடந்துக்கும், யாருமே கேட்காத கம்பெனி வேற மாதிரி நடந்துக்கும்.

பி.கு: எல்ஜி வெப்ஓஎஸ்ஸில் டெவலப்பர் மோடு போடுவதைப் படிப்படியாக அடுத்த பதிவில் எழுதுகிறேன். உங்க வீட்டு டிவியின் லைசென்ஸ் பக்கத்தில் ஏதாவது சுவாரசியமாகச் சிக்கினால் சொல்லிட்டுப் போங்க.